வாழ்வுக்கும் வேலைக்கும் ஒரு நோக்கத்தை எழுதிக்கொள்வது எப்படி: வடசென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

நேர்காணலில் "இன்னும் ஐந்து வருடம் கழித்து என்னவாக இருப்பீர்கள்?" என்று கேட்கும்போதுதான் பலர் தம் வாழ்க்கை எதை நோக்கிப் போகிறது என்று முதன்முதலாக யோசிக்கிறார்கள். அந்த அவசரத்தில் வாயில் வருவது, கல்லூரியின் வேலைவாய்ப்புப் பயிற்சியில் மனப்பாடம் செய்த ஏதோ ஒரு வாக்கியம்தான். கேட்பவருக்கும் அது மனப்பாடம் என்று தெரியும், சொல்பவருக்கும் தெரியும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், வியாசர்பாடியிலிருந்து மணலி வரைக்கும் வேலை பார்த்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ இருக்கும் ஒருவர், அந்த மனப்பாட வாக்கியத்துக்குப் பதிலாகத் தனக்கே பயன்படும் ஒன்றை எப்படி எழுதிக்கொள்ளலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டும், ஏறத்தாழ மூன்று வார அவகாசமும், எழுதியதை மறைக்காமல் காட்டக்கூடிய ஒரு ஆளும் போதும். கட்டணப் பயிலரங்கம் எதற்கும் போகத் தேவையில்லை.

தொடங்கும் முன் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடி உள்ளுக்குள் தேடினால் வாழ்வின் நோக்கம் கிடைத்துவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. அவரவர் கை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையிலும், யார் எதற்காக நம்மைத் தேடி வருகிறார்கள் என்பதிலும் அது பாதி எழுதப்பட்டே இருக்கிறது. அதைப் படித்து, மீதியைத் தீர்மானித்து, ஒரு தாளில் எழுதுவதுதான் நம் பொறுப்பு.

நோக்கம், தொலைநோக்கு, இலக்கு

இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் எழுதும் எதுவும் உதவாது. தொலைநோக்கு என்பது நாம் பார்க்க விரும்பும் நிலைமை. அது நம் வீட்டின் நிலைமையாகவும் இருக்கலாம், தெருவின் நிலைமையாகவும் இருக்கலாம். நோக்கம் என்பது அந்த நிலைமையை நெருங்குவதற்காக நாம் அன்றாடம், யாருக்காக, எதைச் செய்கிறோம் என்பது. இலக்கு என்பது முடிவுத் தேதி உள்ள ஒரு காரியம். குரூப் 4 தேர்வில் தேறுவது, அடகு வைத்த நகையை மீட்பது, இருசக்கர வாகனம் வாங்குவது எல்லாம் இலக்குகள். அவை நிறைவேறியதும் முடிந்துவிடும். நோக்கம் அப்படி முடிவதில்லை.

இதற்கு நம் பகுதியிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்த வள்ளலாருக்கு எந்த உயிரும் பசியால் வாடக் கூடாது என்பது தொலைநோக்கு. அதை ஒரு மனிதர் தம் வாழ்நாளில் முடித்துவிட முடியாது. ஆனால் வந்தவர்களுக்குச் சாதி சமயம் கேட்காமல் சோறு போடுவது இன்றைக்கே செய்யக்கூடிய பணி. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்றால், அந்தப் பெரிய எண்ணத்தை நாளும் செய்யத்தக்க ஒரே வேலையாக அவர் சுருக்கிக்கொண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேலையும் நோக்கமும் ஒன்றல்ல என்பதைப் பெரம்பூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆட்களுக்குச் சோறு போட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, மக்கள் வாயில் பின்னி மில், 1996-இல் மூடப்பட்டது. "நான் பின்னி மில்லுக்காரன்" என்பதையே தன் அடையாளமாக வைத்திருந்தவருக்கு ஆலையின் கதவோடு அந்த அடையாளமும் மூடிக்கொள்ளும். "இயந்திரம் நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்பவன் நான்" என்று தன்னைப் பற்றி எண்ணியவருக்கு வேறு கதவைத் தட்டும்போது சொல்வதற்கு ஏதாவது இருக்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரோ பதவியின் பெயரோ இல்லாமல் நோக்கத்தை எழுதுவது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: எழுதாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்

வாக்கியம் அமைக்கும் ஆசை முதல் நாளே வரும், அதை அடக்குங்கள். இந்த இரண்டு வாரமும் நோட்டில் மூன்று வகைக் குறிப்புகள் மட்டும் சேரட்டும்.

முதலாவது, நேரம். இரவு படுப்பதற்கு முன், அன்று வேலை நேரம் போக மீதி நேரம் எங்கே போனது என்று இரண்டு வரி. அலைபேசியில் போன நேரத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதும் ஒரு செய்திதான். ஒருவர் இரவெல்லாம் மோட்டார் பிரித்துப் பூட்டும் காணொளிகளையும் இன்னொருவர் சமையல் காணொளிகளையும் பார்க்கிறார் என்றால், இருவரும் வீணாக்கியது ஒரே நேரத்தை அல்ல.

இரண்டாவது, பணம். கூகுள் பே கணக்கைத் திறந்து, போன மூன்று மாதத்தில் யாரும் கேட்காமலே, கட்டாயமும் இல்லாமல் எதற்குச் செலவழித்தீர்கள் என்று பாருங்கள். வாடகையையும் சீட்டையும் விட்டுவிடுங்கள். தங்கையின் மகனுக்கு கேரம் போர்டு, தெரு அணிக்குக் கால்பந்து, கோயில் அன்னதானத்துக்கு ஐந்நூறு என்று வருகின்ற சின்னச் சின்ன வரிகளில்தான் விருப்பம் தெரியும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது: யார் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள். வாசலுக்கு வாசல் முகம் பார்த்து நிற்கும் நம் தெருக்களில், ஒருவருக்கு எது நன்றாக வரும் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். இ-சேவை மையத்துக்குப் போவதற்கு முன் விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தரச் சொல்லி ஒரு வீட்டுக்கு மக்கள் வருவார்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்கு முதல்முறை போகும் கிழவிக்குத் துணையாக, எந்த வரிசையில் நின்று எந்தச் சீட்டை வாங்குவது என்று தெரிந்த ஒரு பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். மிக்சி நின்றால் ஒருவர், பையன் கணக்கில் தவறினால் ஒருவர், அண்ணன் தம்பிக்குள் வீட்டுப் பாகம் பற்றிச் சண்டை வந்தால் ஒருவர் என்று ஒவ்வொரு தெருவுக்கும் எழுதப்படாத ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எதற்கு நேரே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கடந்த ஓராண்டில் உங்களைத் தேடி வந்த சம்பவங்களில் நினைவுக்கு வருகின்றவற்றையெல்லாம் வினைச்சொல்லோடு எழுதுங்கள்: நிரப்பிக் கொடுத்தேன், கூட்டிப் போனேன், பேசி முடித்தேன், பிரித்துச் சரிசெய்தேன், சொல்லிக் கொடுத்தேன். பிறகு அந்த வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். மறுபடி மறுபடி வரும் ஓரிரு வினைகள்தான் உங்கள் நோக்கத்தின் மூலப்பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கேட்கிறார்கள் என்பதாலேயே அது உங்கள் விருப்பம் ஆகிவிடாது. முடியாது என்று சொல்லத் தெரியாததாலும் கேட்கப்படுகிறோம். குறிப்பாகப் பெண்களிடம், வீட்டில் உள்ள எல்லாரையும் பார்த்துக்கொள்வதுதான் உன் பிறவி நோக்கம் என்று மற்றவர்கள் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில், செய்து முடித்தபின் மனம் லேசானதா கனத்ததா என்று ஒரு குறி போடுங்கள். உடம்பு களைத்து மனம் லேசான வேலைகளை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுங்கள். மற்றவை கடமைகள், அவற்றுக்கு வேறு பக்கம் இருக்கிறது.

கோபத்தையும் கணக்கில் எடுங்கள்

வடசென்னையில் வாழ்பவருக்குக் கோபப்படக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரில் சாம்பல் படிந்த கழிமுகம், கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகை, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிய எண்ணெய்ப் படலம், நேர்காணலில் முகவரியைக் கேட்டவுடன் எதிரே இருப்பவரின் முகத்தில் வரும் மாற்றம் என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். நோக்கம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விருப்பத்தை மட்டுமே கேட்கிறார்கள். கோபம் அதைவிட நம்பகமான சாட்சி என்பது என் கருத்து. விருப்பங்கள் வயதோடு மாறுகின்றன; ஒருவர் எதைப் பார்த்தால் கொதிக்கிறார் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

ஆனால் கோபத்தை அப்படியே எழுதினால் அது ஒரு புகார் மனுவாகத்தான் இருக்கும். ஆகவே நோட்டின் ஒரு பக்கத்தில் எதை எதிர்க்கிறீர்கள் என்றும், எதிர்ப்பக்கத்தில் அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். "எங்கள் ஏரியாப் பெயரைக் கேட்டாலே ஒதுக்குகிறார்கள்" என்பது இடப்பக்கம். "என் தெருவிலிருந்து நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொரு பையனும் பெண்ணும் கேள்விகளுக்குப் பழகியவர்களாகப் போக வேண்டும்" என்பது வலப்பக்கம். நோக்கம் எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் வரும்.

வலப்பக்கத்தில் எழுதுவது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. போன்றோரின் உழைப்பில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அந்தப் பின்னி மில் தொழிலாளர்களின் முதன்மையான குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பதுதான். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இன்று சொல்லப்படும் ஒன்று, கைகழுவிச் சாப்பிட்டு முடிக்க நேரம் வேண்டும் என்ற அளவுக்குக் கண்ணுக்குத் தெரிகின்ற ஒரு குறையைத் தன் முதல் பேச்சுகளில் வைத்திருந்தது.

கடமைப் பக்கம்

தன்னம்பிக்கைப் பேச்சுகளில் இந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. மாதத் தவணை, தண்டல், சீட்டு, தங்கையின் திருமணம், அப்பாவின் மருந்து, தம்பியின் கல்விக் கட்டணம் ஆகிய ஒவ்வொன்றையும் மாதம் எவ்வளவு, எப்போது முடியும் என்ற இரண்டு விவரங்களோடு எழுதுங்கள். முடிவுத் தேதி இல்லாதவற்றுக்கு எதிரே "தொடரும்" என்று போடுங்கள். இதை எழுதும்போது மனம் சோரும்; ஆனாலும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகாத நோக்கம் மூன்றாம் மாதமே கைவிடப்படும். "வேலையை விட்டுவிட்டு உன் கனவைத் துரத்து" என்பது, விட்டாலும் சோறு கிடைக்கும் என்ற உறுதி உள்ள வீட்டுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொருக்குப்பேட்டையில் வாழும் இருபத்தாறு வயது இளைஞர், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு மணலியில் ஒப்பந்தக்காரரிடம் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது பராமரிப்புக்காகத் தொழிற்சாலையை நிறுத்தும்போது செய்யும் வேலைக்கு, போகிறார். ஷட்டவுன் காலத்தில் இரவு பகல் வேலை, மற்ற மாதங்களில் வேலை இல்லை. அக்காவின் திருமணக் கடன் இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். அவருடைய வினைச்சொல் பட்டியலில் "சொல்லிக் கொடுத்தேன்", "சரிசெய்தேன்" இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. கோபப் பக்கத்தில், பாதுகாப்புப் பெல்ட் இல்லாமல் உயரத்தில் ஏற்றப்பட்ட புதுப் பையனைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. இவரிடம் சொந்தமாகப் பயிற்சி மையம் தொடங்கு என்று சொல்வது வீண். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம், வேலை இல்லாத மாதங்களில் இன்னும் சற்று அதிகம், இவரிடம் இருக்கிறது. கடன் முடியும் மாதமும் நோட்டில் இருக்கிறது. அதற்குமுன் செய்யக்கூடியது எது, அதற்குப்பின் செய்யக்கூடியது எது என்று இவரால் இப்போதே பிரித்துக்கொள்ள முடியும். கடமைப் பக்கத்தின் உண்மையான பயன் இந்தப் பிரிவினைதான்.

தொலைநோக்கு: பத்து வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை

மூன்றாவது வாரத்தில் எழுதத் தொடங்கலாம். தொலைநோக்கை "சிறந்த மனிதனாக", "உயர்ந்த நிலையில்" போன்ற சொற்களால் எழுதாதீர்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காலையிலிருந்து இரவு வரை எழுதுங்கள். திருமண நாளும் விருது வாங்கும் நாளும் வேண்டாம். அவை யாருக்கும் அழகாகத்தான் இருக்கும். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் யார் யார், வேலைக்கு எதில் போகிறீர்கள், அங்கே கை என்ன செய்கிறது, யார் உங்களிடம் சந்தேகம் கேட்கிறார்கள், மாலை எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், இன்று செய்கின்ற எந்த வேலையை அன்று செய்யாமல் இருக்கிறீர்கள் என்று எழுதினால் ஒன்றரைப் பக்கம் வரும். அதில் மூன்று விவரங்கள் மற்றவற்றைவிட உங்களை இழுக்கும். அவற்றை மட்டும் தனியே எடுத்து எழுதினால் தொலைநோக்கு தயார்.

இந்தப் படியில் நம் பகுதிக்காரர்கள் கட்டாயம் சந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் செவ்வாய்க்கிழமை வடசென்னையில் நடக்கிறதா, வேறு எங்காவதா? "முதலில் இந்த ஏரியாவை விட்டுப் போக வேண்டும்" என்பதையே பலர் தொலைநோக்காக எழுதுகிறார்கள். போக விரும்புவதில் தவறு ஒன்றுமில்லை. காற்றும் இடமும் குழந்தைகளுக்கு வேண்டும். ஆனால் முகவரி மாற்றம் ஓர் இலக்குதான். அங்கே போன பின் அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்பதையும் எழுதினால்தான் அது தொலைநோக்கு ஆகும். அதே போல, "இங்கேதான் இருப்பேன்" என்பவர்களும் காரணத்தை எழுத வேண்டும். அம்மா இங்கே இருக்கிறார் என்பது ஒரு காரணம். என் வாடிக்கையாளர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது வேறு காரணம். வெளியே போகப் பயமாக இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ளும். முன்பெல்லாம் தென்சென்னையில் வேலை என்றால் வீடு மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூரில் இருந்துகொண்டே கிண்டிக்கு வேலைக்குப் போய்வருவது நடக்கக்கூடிய காரியம். எனவே வேலைக் கேள்வியையும் வீட்டுக் கேள்வியையும் தனித்தனியாகவே முடிவுசெய்யலாம்.

நோக்க வாக்கியம்

இப்போது கையில் வினைச்சொற்கள், வலப்பக்கக் குறிப்புகள், கடமைப் பட்டியல், செவ்வாய்க்கிழமை ஆகிய நான்கும் இருக்கின்றன. நோக்க வாக்கியத்தில் யாருக்கு, என்ன செய்வேன், எதைச் செய்யமாட்டேன் அல்லது எந்த முறையில் செய்வேன் என்ற மூன்று கூறுகள் வேண்டும். மூன்றாவது கூறைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத வாக்கியம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

"சமுதாயத்துக்குச் சேவை செய்து, பெற்றோருக்குப் பெருமை சேர்த்து, சாதனையாளராகத் திகழ்வேன்" என்பது பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஏற்ற வாக்கியம். அதில் ஆளும் இல்லை, வேலையும் இல்லை. மேலே சொன்ன ஃபிட்டரின் வாக்கியம் இப்படி அமையலாம்: "நான் கைவைத்த இடத்தில் அடுத்த ஷிஃப்டில் வருபவர் பயமில்லாமல் வேலை செய்ய வேண்டும், எனக்குத் தெரிந்ததைப் பின்னால் வரும் பையன்களுக்கு மறைக்காமல் சொல்லிக் கொடுப்பேன், பாதுகாப்பில்லாமல் யாரையும் மேலே ஏற்றமாட்டேன்." காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கும் ஒரு பெண்மணியின் வாக்கியம் வேறாக இருக்கும்: "என்னிடம் வாங்கும் வீடுகளுக்கு நேற்றைய மீனை நேற்றையது என்று சொல்லியே விற்பேன், இந்தக் கூடையைத் தூக்குவதா வேண்டாமா என்பதை என் மகள்களே முடிவுசெய்யும் நிலையை உண்டாக்குவேன்." எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் ஒருவர், "கணக்குத் தெரியாததால் யாரும் ஏமாறாதபடி, கடையிலும் தெருவிலும் கணக்கைப் புரியும்படி எழுதிக் கொடுப்பேன்" என்று எழுதலாம். இவற்றில் எதிலும் பதவிப் பெயர் இல்லை. நாளைக்கே வேலை மாறினாலும் வாக்கியம் உடன் வரும்.

வாக்கியம் பேச்சில் வரும் சொற்களால் இருக்கட்டும். நிறுவனங்களின் வரவேற்பறைச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருப்பதைப் போல எழுதினால், ஒரு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

மூன்று சோதனைகள்

எழுதியதை உடனே நம்பிவிட வேண்டாம். முதலில் மறுப்புச் சோதனை. கடந்த ஆண்டில் நீங்கள் ஒப்புக்கொண்ட வேலைகள், வாக்குறுதிகள், செலவுகள் ஆகியவற்றில் எதையாவது இந்த வாக்கியம் வேண்டாம் என்று சொல்லியிருக்குமா? ஒன்றைக்கூடத் தடுக்காத வாக்கியம் அலங்காரம்தான், திரும்ப எழுதுங்கள். அடுத்தது மாதக் கடைசிச் சோதனை. இருபத்தெட்டாம் தேதி, கையில் பணம் இல்லாத மாலையில், அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். எரிச்சல் வந்தால் அதில் ஏதோ ஒரு பகுதி உங்கள் வாழ்க்கையைச் சேர்ந்தது அல்ல. எந்தப் பகுதி என்று அந்த எரிச்சலே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லும் சோதனை. வீட்டில் மிகவும் நேராகப் பேசுகின்ற ஆளிடம், பெரும்பாலும் அத்தையோ ஆயாவோ இருப்பார், வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு இன்னா இப்போ? நீதான் எப்பவும் அதத்தானே பண்ற" என்று அவர் சொன்னால் வாக்கியம் சரியாக அமைந்துவிட்டது. "யார்ரா உனக்கு இத எழுதிக் குட்த்தது?" என்று கேட்டால் நோட்டின் முதல் பக்கங்களுக்குத் திரும்புங்கள். நண்பர்களிடம் இந்தச் சோதனையை நடத்தாமல் இருப்பது நல்லது. அவர்கள் ஊக்கப்படுத்துவார்கள், அதனால் எந்தத் தகவலும் கிடைக்காது.

வேலைக்குள் கொண்டுவருதல்

புது வேலை தேடுவதற்கு முன், இருக்கும் வேலையிலேயே வாக்கியத்தை நடத்திப் பாருங்கள். அடுத்த தொண்ணூறு நாளுக்கு, வாக்கியத்திலிருந்து பிறந்த ஒரே ஒரு பழக்கம் போதும். ஃபிட்டருக்கு அது, ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் புதுப் பையன்களின் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் தானே சரிபார்ப்பது. கணக்கருக்கு அது, வாரம் ஒரு மாலை தெருப் பெண்களின் சீட்டுக் கணக்கை எழுதிக்கொடுப்பது. செலவில்லாத, மேலதிகாரியின் அனுமதி வேண்டாத பழக்கமாகத் தேர்ந்தெடுங்கள். செய்த நாளை நாள்காட்டியில் குறியுங்கள்.

படிப்பையும் தேர்வையும் தேர்ந்தெடுப்பதில்தான் இந்தத் தாளின் முழுப் பயன் தெரியும். எல்லாரும் எழுதுகிறார்கள் என்பதற்காகக் குரூப் 4 எழுதுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்புத் தகுதியே போதும் என்பதால் போட்டி கடுமை. சிலருக்கு அதில் நான்கைந்து வருடம் போய்விடுகிறது. மனிதர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக்கொடுத்து மனம் லேசாகிறவருக்கு அரசு அலுவலகம் சரியான இடம். அவர் எழுதட்டும், தோற்றாலும் மறுபடி எழுதட்டும். இயந்திரத்தில் கைவைத்தால்தான் உயிர் வரும் என்பவர், 1955 முதல் பெரம்பூரில் இயங்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஆண்டுதோறும் சேர்க்கும் தொழிற்பழகுநர் பயிற்சியையோ அதுபோன்ற வேறு பயிற்சியையோ முதலில் பார்ப்பது நல்லது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கும் படிப்புகளையும் இதே முறையில் சலித்தெடுங்கள்: இலவசம் என்பது சேர்வதற்குப் போதுமான காரணம் அல்ல. ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து எழுதவோ படிக்கவோ இடமில்லாதவர்கள், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட, படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகத்தையோ அருகிலுள்ள கிளை நூலகத்தையோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

நேர்காணலில் அந்த ஐந்து வருடக் கேள்வி மறுபடி வரும்போது, முழு வாக்கியத்தையும் ஒப்பிக்க வேண்டாம். தொண்ணூறு நாளில் செய்த பழக்கத்தைச் சொல்லுங்கள், அதனால் என்ன மாறியது என்று சொல்லுங்கள், அதை இங்கே எப்படித் தொடர்வீர்கள் என்று சொல்லுங்கள். கேட்பவர் அடுத்து என்ன கேட்டாலும் உங்களிடம் விடை இருக்கும், ஏனென்றால் நடந்ததைத்தான் சொல்கிறீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் அப்போதுதான் இயந்திரம் பிரிக்கப்பட்டு, பலகை மாற்றப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, வலை பின்னப்படுகின்றன. தொழில் நிற்கும் காலத்தையே பழுதுபார்க்கும் காலமாக வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நம் தாளுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் அந்த இரண்டு மாதத்துக்குள் ஒருநாள் நோட்டைத் திறந்து, கடமைப் பக்கத்தில் முடிந்தவற்றை அடியுங்கள், புதியவற்றைச் சேருங்கள், தொண்ணூறு நாள் பழக்கம் தொடர்கிறதா என்று பாருங்கள், செவ்வாய்க்கிழமையை மறுபடி படியுங்கள்.

எதை மாற்றலாம் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. இலக்குகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தொலைநோக்கை, திருமணம், குழந்தை, இடமாற்றம் போன்றவை நடந்தபின் மாற்றியே ஆக வேண்டும். திருமணமானவர்கள் இருவரும் தனித்தனியே தம் செவ்வாய்க்கிழமையை எழுதிவிட்டு, பின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒருவர் மாதவரத்தில் சொந்த வீட்டையும் மற்றவர் இராயபுரத்தில் அம்மா வீட்டு மாடியையும் எழுதியிருப்பது அப்போதுதான் தெரியவரும், அதைப் பத்து ஆண்டு கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல். நோக்க வாக்கியத்தை மட்டும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். வேலை போன மாதத்திலும், வீட்டில் இழவு விழுந்த மாதத்திலும், யாரோ ஒருவர் நன்றாகப் பேசிக் கேட்ட மறுநாளும் பேனாவை எடுக்க வேண்டாம். திருத்தும்போது பழைய வாக்கியத்தை அடித்துவிடாமல், அதன் கீழே புதியதை எழுதித் தேதி போடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தச் சொற்கள் திருத்தத்துக்குத் திருத்தம் தப்பி நிற்கின்றன என்று பார்த்தால், நேர்காணலில் முதலில் சொல்ல வேண்டியதும் புது வேலை ஒன்றை ஒப்புக்கொள்ளும்முன் கேட்டுக்கொள்ள வேண்டியதும் எது என்று தெரிந்துவிடும்.